பூட்டு எதைத் தாங்குகிறது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் உனக்கு இடம் கிடைத்ததாக அக்கா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். டூல் கிட் வாங்கக் குரோம்பேட்டை கிளம்புவதற்கு முன், மடக்குக் கத்தியில் எந்தப் பூட்டு பலமானது என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். கத்தியை வைஸில் இறுக்கி, எடைக்கல்லைத் தொங்கவிட்டு, இத்தனை கிலோ தாங்கியது என்று வீடியோவில் காட்டுகிறார்களே, அந்தக் கணக்கை விட்டுவிடு. முறிந்துபோகிற பூட்டைவிட, முழுசாக விழாமல் நழுவுகிற பூட்டுக்குத்தான் நீ பயப்பட வேண்டும்.

கேபிளின் மேலுறையைச் சீவும்போது எதிர்விசை கூர்ப் பக்கத்தில் விழுகிறது. அது அலகை மேலும் திறக்கத்தான் தள்ளும். அலகு உள்ளே இருக்கும் தடுப்பில் முட்டி நிற்கும், பூட்டுக்கு அப்போது வேலையே இல்லை. சிக்கிக்கொண்ட கத்தியை ஆட்டி உருவும்போதும், நுனியால் குத்தித் துளைக்கும்போதும், முதுகால் எதையாவது தட்டும்போதும்தான் அலகு மடங்கப் பார்க்கும். பூட்டு அதைத் தடுக்க வேண்டும்.

எவ்வளவு விசையை? சுழலும் ஆணியிலிருந்து நுனி வரை 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். பூட்டு அலகின் அடியைத் தொடும் இடம் அதே ஆணியிலிருந்து 8 மில்லிமீட்டர்தான் இருக்கும். கடப்பாரைக் கணக்குதான் இது. நுனியின் முதுகில் 5 கிலோ அழுத்தினால் பூட்டில் 50 கிலோ விழும். இதே கணக்கு இன்னொரு பக்கமும் வேலை செய்யும். பூட்டு தொடும் இடத்தில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் நுனி ஒரு மில்லிமீட்டர் ஆடும். கடையில் கத்தியை எடுத்ததும் நான் முதலில் நுனியை ஆட்டிப் பார்ப்பது இதனால்தான்.

இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டில் ஒரு கீற்றை வெட்டி வளைத்திருப்பார்கள். அலகு திறந்ததும் அது பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் போய் நிற்கும். இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர், 1980களில். நன்றாகச் செய்தால் அருமையான பூட்டு. ஆனால் அதன் முழு நம்பகமும் அலகின் அடியைச் சாய்வாகச் சீவியிருக்கும் கோணத்தில் இருக்கிறது. சாய்வு அதிகமானால் அழுத்தம் விழும்போது தகடு மெதுவாக வழுக்கி வெளியே வந்துவிடும். மலிவுக் கத்திகளில் நான் கண்ட குறை பெரும்பாலும் இதுதான். கத்தியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை முறுக்கினால் விரல் சதையே தகட்டைத் தள்ளிவிடுவதும் உண்டு. பூட்டை எடுக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருக்கும் என்பதையும் மறக்காதே.

பிடியின் முதுகில் பூட்டு உள்ள வகையைப் பரவலாக்கியது 1964-இல் விற்பனைக்கு வந்த பக் 110 என்ற கத்தி. சட்டைப்பைப் பஞ்சோ சிமென்ட் தூசியோ பூட்டு விழும் காடியில் அடைந்தால் பூட்டு பாதிதான் இறங்கும், ‘டக்’ சத்தம் மட்டும் வழக்கம்போல் கேட்கும். சத்தத்தை நம்பக் கூடாது.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் பிறந்த ஒப்பினெல் கத்தியில் 1955-இல் ஒரு வளையத்தைச் சேர்த்தார்கள். கையால் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். தகடும் கோணமும் இல்லாத எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் திருப்ப மறந்தால் பூட்டே இல்லை. நம் ஊர் ஐப்பசி மழையில் மரப்பிடி ஊறிப் பருத்துக்கொண்டால் அலகு வெளியே வர அடம்பிடிக்கும். பிடியின் அடியை மேஜையில் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் உன் டூல் கிட்டில் சேரப்போகும் 100 மி.மீ. இரட்டை அலகு எலக்ட்ரீஷியன் கத்தியில் பெரும்பாலும் பூட்டே கிடையாது. முதுகில் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். கிண்டியிலுள்ள நிமி நிறுவனம் போடும் ஐ.டி.ஐ. பாடப்புத்தகத்தில் இந்தக் கத்தி வரும். ஓர் அலகு இன்சுலேஷன் சீவ, மற்றது கம்பியின் மேல் படிந்ததைச் சுரண்ட. அதற்கு இது போதும், விசை கூர்ப் பக்கத்திலேயே விழுவதால். ஜங்ஷன் பாக்ஸில் ஓட்டை போட அதன் நுனியை எடுத்தாயானால்தான் ஆபத்து. டிரில் எதற்கு இருக்கிறது?

பூட்டுள்ள கத்திதான் வேண்டும் என்றால் கடையிலேயே இப்படிப் பார். அலகைச் சுழற்றி வீசாமல் மெதுவாகத் திற. அப்போதும் பூட்டு முழுசாக விழ வேண்டும். வெளிச்சத்தில் பிடித்து, தகடு அலகின் அடியில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று கவனி. ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் வாங்காதே. எதிர்ப்பக்கச் சுவர் வரை போயிருந்தால் தேய்ந்த சரக்கு. பிறகு விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிவிட்டு, முதுகை மரப்பலகையில் வைத்துப் படிப்படியாக அழுத்து. ஓங்கி அடிக்காதே, நல்ல பூட்டும் கெட்டுப்போகும்.

எண்ணெய் விடுவதானால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஆணியில் மட்டும். தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும்.

மின்சார ரயிலில் வரும்போது கத்தியை இடுப்பில் செருகாமல் டூல் பேக்கின் அடியில் வை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கானவை தவிர, ஆயுத விதிகளுக்குள் வரும். உன் கத்தி அதில் பாதிகூட இல்லை. இருந்தாலும் பிளாட்பாரத்தில் போலீஸ்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வேலைக்காக விமானத்தில் போக நேர்ந்தால் அதைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடு.

அன்புடன்,
மாமா
கிழக்குத் தாம்பரம்