சுவரில் ஒரு செய்தி

எங்கள் படிப்பு வட்டம் பாண்டுப் மேற்கில், குன்றின் மேல் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குக் கூடுவோம். வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார், இட்லி விற்கும் அண்ணாச்சி, ஒரு பாட்டி என்று பதினொரு பேர்.

ஒருநாள் பாட்டி கேட்டார்:

“தம்பி, இப்போ நான் எழுத்துக் கூட்டிப் பேப்பர் படிக்கிறேன். நம்ம குன்றுச் சேதி ஒன்றுகூட அதில் இல்லையே?”

“நாமே எழுதலாம், பாட்டி” என்றேன்.

பெரிய தாளில் பெரிய எழுத்தில் எழுதினோம். குழாயடிச் சுவரில் ஒட்டினோம். அதுதான் எங்கள் சுவர்ப் பத்திரிகை.

முதல் செய்தி தண்ணீர். மும்பையின் குடிநீரில் பெரும்பகுதி பாண்டுப் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் சுத்தமாகிறது. அதே பாண்டுப்பில், எங்கள் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. “தண்ணீர் திறந்துவிடுபவர் காசு வாங்கிக்கொண்டு கீழ்ச் சந்துக்கு மட்டும் திறக்கிறார்” என்று ஒருவர் சொன்னார். நான் அதை அப்படியே எழுதிவிட்டேன்.

மறுநாள் அவருடைய மகளைப் பிள்ளைகள் “லஞ்சக்காரர் மகள்” என்று கேலி செய்தார்கள். அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அண்ணாச்சியோடு போய்ப் பார்த்தேன். கீழே சாலை தோண்டிய இடத்தில் குழாய் உடைந்து கிடந்தது. தண்ணீர் திறந்துவிடுபவர் முதல் நாளே புகார் கொடுத்திருந்தார். புகார்ச் சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது.

“என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி” என்றார்.

நான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன்.

அன்று இரவே அதே சுவரில், அதே அளவு எழுத்தில், “நேற்று எழுதியது தவறு” என்று ஒட்டினோம். எழுதியவர் பாட்டி. குழாய் உடைந்த இடத்தையும் நாளையும் எழுதினோம். அதையே மனுவாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்தோம். பதினொரு பேரில் ஒருவர்கூடக் கைநாட்டு வைக்கவில்லை. இரண்டு நாளில் தண்ணீர் வந்தது.

நிருபர் வேலை

செய்தி சேகரிப்பவர் நிருபர். அவர் ஆறு கேள்வி கேட்பார். என்ன நடந்தது? எங்கே? எப்போது? யாருக்கு? ஏன்? எப்படி?

காதில் விழுந்தது செய்தி ஆகாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். குறை சொல்லப்பட்டவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். பெயரையும் நாளையும் சரிபார்க்க வேண்டும். தவறு நேர்ந்தால் மறைக்காமல் திருத்த வேண்டும்.

நம்மைப் போன்றவர்கள்

இது படித்துப் பட்டம் வாங்கியவர்களால் மட்டும்தான் முடியுமா? இல்லை.

உத்தரப் பிரதேசத்தில் பாந்தா, சித்திரகூடம் என்று இரண்டு மாவட்டங்கள் உண்டு. 1990களில் அங்கே எழுத்தறிவு பெற்ற கிராமப் பெண்கள் ‘மகிளா டாக்கியா’ என்ற செய்தித்தாளை நடத்தினார்கள். ‘பெண் தபால்காரர்’ என்று பொருள். 2002இல் சித்திரகூடத்தில் ‘கபர் லகரியா’ தொடங்கியது. ‘செய்தி அலைகள்’ என்று பொருள். அவர்கள் பேசும் புந்தேலி மொழியிலேயே அது வந்தது. நிருபர்களில் பலர் தலித் பெண்கள். பழுதான கைப்பம்பு, போடாத சாலை, ரேஷன் கடை, பெண்கள் மீதான வன்முறை ஆகியவற்றை எழுதினார்கள். “பெண்ணுக்கு இது ஏன்?” என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் நிறுத்தவில்லை. இந்தப் பணிக்கு 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. இன்று அவர்கள் கைப்பேசியில் படம் பிடித்துச் செய்தி தருகிறார்கள்.

எழுதத் தெரிந்தால் நம் குறையை நாமே சொல்லலாம். அடுத்தவர் மனத்தைப் புண்படுத்தாமல் சொல்லவும் கற்க வேண்டும்.

பேசுவோம்
1. முதல் செய்தியில் என்ன தவறு?
2. யாரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்?

எழுதுவோம்
உங்கள் சந்தில் இந்த வாரம் நடந்த ஒன்றை நேரில் பாருங்கள். ஆறு கேள்விக்கும் ஆறு வரியில் விடை எழுதுங்கள்.