உங்கள் இயல்புக்கு இது ஒத்துவருமா?



பிரிட்டனில் இருந்துகொண்டு, சட்டத்துக்கு உட்பட்டு, சந்தாத் தளங்களில் வயதுவந்தோருக்கான படங்களும் நேரலையும் தரும் வேலையில் இறங்க நினைக்கிறீர்கள். எத்தனை ஆண்டு இதில் நிற்க முடியும் என்பது உங்கள் கேள்வி. அதற்கான விடை உங்கள் தோற்றத்தில் இல்லை, வயதிலும் இல்லை. நாள் முழுக்க இந்த வேலை எதைக் கேட்கிறதோ, அதைக் கொடுக்க உங்கள் மனம் இசைகிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும் என்பது என் கருத்து.

பணத்தைப் பற்றிய பேச்சுதான் பலரை இழுக்கிறது என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம். லண்டனில் 2016இல் தொடங்கிய ஒன்லிஃபேன்ஸ் தளத்தில், 2023 நவம்பரில் முடிந்த நிதியாண்டில் ரசிகர்கள் செலவழித்த தொகை சுமார் 660 கோடி டாலர். படைப்பாளர் கணக்குகள் சுமார் 41 லட்சம். தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு 20 விழுக்காடு. மிச்சத்தைச் சமமாகப் பங்கிட்டால் ஒரு கணக்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 டாலர் வரும். உண்மையில் அது சமமாகப் பங்காவதும் இல்லை. பெரும்பகுதி மேலே இருக்கும் சிலருக்குப் போகிறது. விரைவில் பெரும்பணம் வரும் என்று வருகிறவருக்குச் சில மாதங்களிலேயே கை சலித்துவிடும். சிறு வருமானம் மெல்ல மெல்லக் கூடுவதைப் பொறுத்திருக்கக் கூடியவரே மிஞ்சுகிறார்.

அப்படிக் கூடுவதற்குப் படம் பிடிப்பது மட்டும் போதாது. நேரத்தில் பெரும்பகுதியை உரையாடலே தின்றுவிடும். சந்தாதாரரின் தனிமையையும் அலுவலகக் கவலையையும் கேட்க வேண்டும், போன வாரம் அவர் சொன்னதை நினைவில் வைத்திருக்க வேண்டும், அத்துமீறும்போது முகம் சுளிக்காமல் தடுக்கவும் வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்டு 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களின் புன்னகையும் பொறுமையும்கூட உழைப்புதான் என்று நிறுவினார். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நெடுநாள் நடிப்பது மனத்தை அரித்துவிடும் என்பதையும் அவர் காட்டினார். அந்நியரோடு பேசுவதில் உங்களுக்கு இயல்பாகவே விருப்பம் இல்லையென்றால், எவ்வளவு அழகும் உங்களைக் காப்பாற்றாது. இந்த உரையாடலைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்விக்கும் முகமைகள் இருக்கின்றன. காசு கொடுத்தவர் உங்களோடு பேசுவதாக நம்பிக்கொண்டிருப்பார். அதை ஏமாற்று என்றே சொல்வேன்.

இளமை இருக்கும்போதே சம்பாதித்துக்கொண்டு விலகிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கணக்கை மூடுவது உங்கள் கையில் இருக்கிறது. பிரதியெடுக்கப்பட்ட படத்தைத் திரும்பப் பெறுவது உங்கள் கையில் இல்லை. விலகும் நாளையும் எப்போதும் நீங்களே குறிப்பதில்லை. ஒரு பெண் தன் அன்றாட வாழ்வை இணையத்தில் காட்டி 1996 முதல் நடத்திய ஜெனிகேம் தளம் 2003 இறுதியில் மூடப்பட்டபோது, நிர்வாணத்துக்கு எதிரான பேபால் என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தின் விதியே காரணமாகச் சொல்லப்பட்டது. 2021 ஆகஸ்ட் 19 அன்று ஒன்லிஃபேன்ஸ், அக்டோபர் முதல் வெளிப்படையான பாலியல் காட்சிகளுக்குத் தடை என்று அறிவித்தது; வங்கிகளின் நெருக்கடியே காரணம் என்றது. எதிர்ப்பு எழுந்ததும் 25ஆம் தேதியே முடிவை நிறுத்திவைத்தது. அந்த ஆறு நாளும் பல்லாயிரம் பேரின் பிழைப்பு அந்தரத்தில் தொங்கியது. ஆகவே வரிக் கணக்கை ஒழுங்காக எழுதுங்கள், சேமியுங்கள், வேறொரு தொழிலும் கற்றுக்கொள்ளுங்கள்.

மனப்பொருத்தம் எந்த வேலைக்கும்தானே வேண்டும், இதற்கு மட்டும் என்ன தனி அளவுகோல் என்ற மறுப்பும் நியாயமானதே. ஆனால் கால்சென்டர் வேலை பிடிக்காமல் விட்டவரை அந்த வேலை பின்தொடர்ந்து வருவதில்லை. இங்கே, பத்தாண்டு கழித்து ஒரு மேலாளரோ, மாமியாரோ, உங்கள் பிள்ளையோ அந்தப் படத்தைப் பார்க்கக் கூடும். எல்லை தாண்டினால் சட்டமும் மாறும்: இந்தியாவில் இத்தகைய காட்சிகளை மின்னணு வழியில் வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவின்படி குற்றம். வெட்கப்படுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. யார் பார்த்தாலும் நிலைகுலையாமல் இருப்பீர்களா என்றுதான் கேட்கிறேன். உறுதியாக ஆம் என்று சொல்ல முடியாதவர் தொடங்க வேண்டாம். தொடங்கிய பிறகு தெரிந்தால் அன்றே நிறுத்தலாம், அதில் தோல்வி எதுவும் இல்லை. காதலரோ முகவரோ கடன்காரரோ உங்களை இதற்குள் தள்ளுகிறார் என்றால், தயவுசெய்து ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.