ஃபேன் சுற்றவில்லையா? காயலான் கடைக்கு முன் ஏஐயிடம் கேளுங்கள்

மே மாதத்தில் ஆம்பூரில் ஃபேன் மக்கர் செய்தால் அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. போன கோடையில் எங்கள் கூடத்து ஃபேன் அப்படித்தான் ஆனது. ரெகுலேட்டரை 5-இல் வைத்தாலும் 1-இன் வேகம்தான். "பத்து வருஷமாச்சு, போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்றார்கள் வீட்டில். எனக்கு மனம் வரவில்லை. செல்போனில் இருந்த ஏஐ செயலியிடம் தமிழிலேயே கேட்டேன். கடைசியில் மாற்றியது ஒரே ஒரு கண்டென்சர். ஒரு பிளேட் பிரியாணியின் விலைகூட ஆகவில்லை. அதன்பின் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் என்று செய்து பார்த்துப் பழகிய முறையை இங்கே சொல்கிறேன்.

கேட்பதற்கு முன் கவனியுங்கள். பொருளுக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள். சத்தமும் வாசனையும் நீங்கள் சொன்னால்தான் ஏஐக்குத் தெரியும். ஃபேன் என்றால், சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் சுற்றி மெல்ல நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று உடனே நின்றால் பேரிங்கில் கோளாறு. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, உலர்ந்த குச்சியால் லேசாகத் தள்ளினால்தான் கிளம்புகிறது என்றால் கண்டென்சர் மேல் சந்தேகப்படலாம். கருகல் வாசனை வந்தால் உடனே அணைத்துவிடுங்கள், அது காயில் சமாச்சாரம். இவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, பொருளின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் படமெடுங்கள். பில்லைப் படமெடுத்து அனுப்ப வேண்டாம். அதில் உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கும்.

அடுத்து கேள்வி. "ஃபேன் ஓடல, என்ன செய்யணும்?" என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். நான் கேட்டது இப்படி:

"1200 மி.மீ. சீலிங் ஃபேன், பத்து வருஷப் பழசு. ஆறு மாசமா வேகம் குறைஞ்சுக்கிட்டே வருது. கையால சுத்தினா தடையில்லாம சுத்துது. கருகல் வாசனை இல்ல. காரணம் என்னவா இருக்கலாம்? அதிக வாய்ப்புள்ளதுல ஆரம்பிச்சு மூணு சொல்லு. ஒவ்வொண்ணையும் கழட்டாம எப்படிச் சோதிக்கிறது? எந்த இடத்துல நான் நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடணும்?"

அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஏஐ நிறுத்தாமல் அடுத்தடுத்த ஸ்குரூவைக் கழற்றச் சொல்லிக்கொண்டே போகும். எழுதச் சிரமமாக இருந்தால் பேசியே கேட்கலாம். வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது பேசும் வீடுகளில் உருதுவிலும் கேட்கலாம்.

ஒரு சொல்லில் கவனம் வேண்டும். நம் கடைகளில் கண்டென்சர் என்றால் கெப்பாசிட்டர். ஆனால் ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசும்போது கண்டென்சர் என்றால், சூட்டை வெளியே விடும் பின்பக்கக் குழாய் என்று ஏஐ எடுத்துக்கொள்ளும். அதனால் "ஃபேனில் இருக்கும் கண்டென்சர், கெப்பாசிட்டர்" என்று இரண்டு பெயரையும் சொல்லிவிடுங்கள்.

ஏஐ தவறும் செய்யும். என் கண்டென்சரில் 2.5 என்று அச்சிட்டிருந்தது, புள்ளியின் மேல் அழுக்கு. படத்தைப் பார்த்துவிட்டு 25 மைக்ரோஃபாரட் வாங்கச் சொன்னது. அதை மாட்டியிருந்தால் காயில் சூடேறிக் கெட்டிருக்கும். துணியால் துடைத்து மறுபடி படமெடுத்து அனுப்பியதும் திருத்திக்கொண்டது. எண் எதுவானாலும் உங்கள் கண்ணால் படியுங்கள். பார்ட் நம்பர், ஸ்குரூ இருக்கும் இடம் ஆகியவற்றை அது தானாகக் கற்பனை செய்தும் சொல்லும். "இதை எந்த மேனுவலில் பார்த்தாய்?" என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய ரைட் டு ரிப்பேர் தளத்தில் பல கம்பெனிகளின் மேனுவல், உதிரிபாகம், வாரண்டி விவரங்கள் இருக்கின்றன. வாரண்டி பாக்கி இருந்தால் கழற்றாதீர்கள், கம்பெனியைக் கூப்பிடுங்கள். இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

கழற்றத் தெரிந்தவர்கள் முதலில் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். கரண்ட் இல்லாதபோதும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். அதன் இரண்டு முனைகளையும், கரண்டில் சேராத தனி ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் கம்பிகளில் தொட்டு சார்ஜை இறக்கிவிட்ட பிறகே மல்டிமீட்டரில் வையுங்கள். என்னுடையது 2.5 காட்ட வேண்டிய இடத்தில் 1.2 காட்டியது. (ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இந்த வழி பொருந்தாது. அதில் வேகத்தைப் பார்த்துக்கொள்வது போர்டு.)

பிறகு பஜாருக்குப் போனேன்.

"பாய், ஃபேனுக்கு ரெண்டரை கண்டென்சர் ஒண்ணு குடுங்க. பழசு ஒண்ணேகால்கூட காட்டல."

"மீட்டர்ல பாத்தீங்களா?" என்று நிமிர்ந்தவர், புதியதையும் தன் மீட்டரில் வைத்து, 2.5 வந்ததைக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். இந்த மனிதர்களை ஒதுக்கிவிட்டு ஏஐயை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனமில்லை. ரீவைண்டிங் கடைக்காரர் காயிலின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற விஷயம் எந்தச் செயலிக்கும் வராது. ஏஐயிடம் கேட்டு வைத்துக்கொண்டு போனால் அவரிடம் சரியாகக் கேட்க முடிகிறது, தேவையில்லாத பாகத்துக்குக் காசு கொடுக்காமல் இருக்க முடிகிறது.

மிக்ஸி நின்றுபோனால், கடைக்குத் தூக்குமுன் அதை ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பட்டனை அழுத்திப் பாருங்கள். மோட்டார் ஓடியும் ஜார் சுற்றவில்லையா? கப்ளர் தேய்ந்திருக்கும். உள்ளே தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும்.

ஏஐ எவ்வளவு தைரியம் சொன்னாலும் நீங்கள் திறக்கவே கூடாதவை உண்டு. மைக்ரோவேவுக்குள் 2,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும். இப்போதைய பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ எளிதில் தீப்பிடிக்கும் வாயு. உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. பழைய டியூப் டிவியும் இந்த வகைதான்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்குக் குரோமியத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் கலந்த கழிவைக் குவித்துவிட்டுப் போனது. அதே ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், ஈயம், பாதரசம், காட்மியத்தோடு, நம் மின்கழிவு விதிகள் கட்டுப்படுத்தும் ஆறு பொருள்களில் ஒன்று. 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். மிச்சத்தில் ஒரு பங்கு ஏதோ ஒரு ஆற்றங்கரையில் செம்புக்காக எரிகிறது. ஒயரின் பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்சின் இருக்கிறது.

எல்லாம் பார்த்தும் சரியாகாவிட்டால், நல்ல பாகங்களை ரிப்பேர் கடைக்குக் கொடுங்கள். மீதியை எரிப்பவர் கையில் போகவிடாமல், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கம்பெனியின் சேகரிப்பு மையத்திலோ சேருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, பழைய மின்பொருள் மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. செல்போன், கம்ப்யூட்டர் என்றால் முதலில் உள்ளிருப்பதை அழித்துவிடுங்கள்.

சரியாகிவிட்டால் ஒரு வேலை பாக்கி. புதுக் கண்டென்சரின் மேல் மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் மார்க்கரால் எழுதி மூடுங்கள். ஏஐயோடு பேசியதைச் சேமித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். எங்கள் குடும்பத்தில் அது இப்போது என் அக்கா போனில் இருக்கிறது. போன வாரம் பேரணாம்பட்டில் அவர் வீட்டு ஃபேனும் மெதுவாகச் சுற்றியதாம். கையால் சுற்றிப் பார்த்தபோது கரகரவென்றது, பேரிங் மாற்றக் கொடுத்திருக்கிறார்.