ஓடியும் குறையாத உடம்பு - ஏன்?

(இயந்திரவியல் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவன்)



நான் முதலாண்டு சேரும்போது வயது பதினாறு, எடை 92 கிலோ. ஹாஸ்டலில் என் அறைத் தோழனும் கிட்டத்தட்ட என் சைஸ்தான். "ரெண்டு பேரும் சேர்ந்து குறைச்சிடலாம்டா" என்று சபதம் போட்டு, தினமும் காலை ஆறு மணிக்கு மைதானத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓடினோம். ஒரே மைதானம், ஒரே மெஸ் சாப்பாடு. மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏறினோம். அவனுக்கு ஆறு கிலோ குறைந்திருந்தது. எனக்கு அரை கிலோ!

"நீ ராத்திரி ஒளிச்சு வெச்சுத் திங்கிறடா" என்று அறையே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் மறுநாள் காலை நான் எழுந்திருக்கவில்லை. அதோடு ஓட்டம் நின்றுபோனது.

ஒரே பயிற்சிக்கு இரண்டு உடம்பு ஏன் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது? இந்தக் கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒட்டாவாவில் ஒரு சோதனை

நம் வயதுப் பிள்ளைகளை வைத்தே கனடாவின் ஒட்டாவா நகரில் 'ஹார்ட்டி' என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2014-இல் வெளியானது. அதிக எடையோ உடற்பருமனோ உள்ள, 14 முதல் 18 வயது வரையிலான 304 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு டிரெட்மில், சைக்கிள் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சி. இரண்டாவதுக்கு எடை தூக்கும் பயிற்சி. மூன்றாவதுக்கு இரண்டும். நான்காவதுக்குப் பயிற்சியே கிடையாது. நான்கு குழுவுக்கும் நாளொன்றுக்கு 250 கிலோகலோரி குறைத்துச் சாப்பிட ஆலோசனை தரப்பட்டது.

22 வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் உடம்பில் கொழுப்பின் சதவீதத்தை அளந்தார்கள். பயிற்சி இல்லாத குழுவில் 0.3 புள்ளி குறைந்தது. மூச்சுப் பயிற்சிக் குழுவில் 1.1, எடைப் பயிற்சிக் குழுவில் 1.6, இரண்டும் செய்த குழுவில் 1.4. "இவ்வளவுதானா!" என்று நமக்குத் தோன்றும். ஆனால் நடத்த வேண்டிய பயிற்சி நாட்களில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். நம்ம அட்டெண்டன்ஸ் மாதிரியேதான்!

இவை எல்லாம் சராசரி. சராசரிக்குள் என்னைப் போன்றவனும் இருப்பான், என் நண்பனைப் போன்றவனும் இருப்பான். 1990-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'ஹெரிட்டேஜ்' என்ற குடும்ப ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதில் கலந்துகொண்டவர்கள் 17 வயதுக்கு மேற்பட்டவர்கள். எல்லோருக்கும் 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி. நிமிடத்துக்கு உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு சராசரியாக 400 மில்லிலிட்டர் உயர்ந்தது. ஆனால் சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே உயரவில்லை. சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் உயர்ந்தது. இந்த வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி குடும்ப வழி வருவது என்று கணக்கிட்டார்கள்.

அளவில் வரும் பிழை

அப்படியானால் நான் 'பலனே வராத ஜாதி'யா? அவசரப்படக் கூடாது நண்பர்களே. ஒரே ஷாஃப்டை வெர்னியரில் மூன்று முறை அளந்தால் மூன்று ரீடிங் வருகிறதே, அதற்காக ஷாஃப்ட் மாறிவிட்டது என்றா ரெக்கார்டில் எழுதுகிறோம்? உடம்பும் அப்படித்தான். தண்ணீர் குடித்தால், சாப்பிட்டால், வியர்த்தால் எடை ஒரே நாளில் ஒரு கிலோ வரை கூடும், குறையும். பயிற்சியே செய்யாத குழுவிலும் சிலருக்கு ஏறும், சிலருக்கு இறங்கும்.

அதனால் ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். பயிற்சிக் குழுவின் திட்ட விலக்கத்தை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து பயிற்சி இல்லாத குழுவின் திட்ட விலக்க வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுக்கிறார்கள். உதாரணத்துக்கு 5, 4 என்று வைத்துக்கொண்டால், 25-இல் 16 போக 9, மூலம் 3. பயிற்சியால் வந்த உண்மையான ஆளுக்கு ஆள் வேறுபாடு 3 மட்டுமே. இரண்டு பேர் ஒரே ஒரு தடவை தராசில் ஏறியதை வைத்து எங்கள் அறை தீர்ப்புச் சொன்னது எவ்வளவு தப்பு!

எங்கள் கணக்கு

ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் 1 கிலோகலோரி செலவாகும். 92 கிலோ உடம்பு இரண்டு கிலோமீட்டர் ஓடினால் 184. ஒரு நாள்கூட விடாமல் 90 நாள் ஓடினால் 16,560. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி இருப்பதால், வேறெதுவும் மாறாவிட்டால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் குறையலாம். ஆறு கிலோ எப்படி வந்தது?

நண்பனையே கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னான்: "அந்த மூணு மாசமும் சாயங்காலம் கடைக்குப் போகலைடா. பஜ்ஜி, டீ ரெண்டையும் விட்டுட்டேன்." நான்? ஓடிவிட்டு வந்த பசியில் மெஸ்ஸில் இரண்டு இட்லி கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். ஒளித்து வைத்துத் தின்னவில்லை. எல்லோர் முன்னாலும்தான் தின்றேன். எனக்கே அது உறைக்கவில்லை.

பயிற்சியின் அளவும் முக்கியம். ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச்சில் ஆரோக்கியமான பெரியவர்களிடம் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 60 நிமிடம் பயிற்சி செய்த குழுவில் பலருக்குத் திறன் கூடவில்லை. 240 நிமிடம் செய்த குழுவில் பலன் வராதவர் ஒருவர்கூட இல்லை. முதல் சுற்றில் பலன் இல்லாதவர்களுக்கு வாரம் 120 நிமிடம் கூட்டியதும் அவர்களுக்கும் பலன் வந்தது. நானோ நாளுக்குக் கால் மணி நேரம் ஓடிவிட்டு நிறுத்தியவன். 17 வயது வரை உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது தினமும் சராசரியாக 60 நிமிடம். அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும்.

நான் இப்போது மறுபடி ஓடுகிறேன். மாலையில் தண்டால், பஸ்கியும் உண்டு. தராசில் மாதம் ஒரு முறை, காலை வெறும் வயிற்றில் மட்டும் ஏறுகிறேன். இடுப்புச் சுற்றளவையும், நிற்காமல் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்பதையும் நோட்டில் குறிக்கிறேன். எடை மூன்று கிலோதான் குறைந்திருக்கிறது. ஆனால் முதலாண்டில் இரண்டாவது சுற்றிலேயே இளைத்தவன் இப்போது எட்டுச் சுற்று நிற்காமல் ஓடுகிறேன். தராசை மட்டும் நம்பியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

நண்பர்களே, நெஞ்சுவலியோ மயக்கமோ வருகிறவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் அறையில் என்னைப் போல ஒருவன் இருந்தால், தராசைப் பார்த்துச் சிரிக்காமல் காலை ஆறு மணிக்கு அவனை எழுப்பிவிடுங்கள். கூடவே நீங்களும் ஓடுங்கள்!