இளவேனிலும் கறவைப் பண்ணையும்

நியூசிலாந்து தென் அரைக்கோளத்திலுள்ள தீவு நாடு. அங்குச் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இளவேனிற்காலம். வட தீவிலுள்ள வைகாட்டோ வட்டாரம் கறவைத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பல பண்ணைகளைக் குடும்பத்தினரே நடத்துகின்றனர்.

அங்குப் பசுக்களின் முதன்மை உணவு மேய்ச்சற் புல்லே. ஆதலின், புல் செழிக்கும் பருவத்திலேயே பாலும் பெருகுதல் வேண்டும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். இதனைக் கணக்கிட்டு, குளிர்காலம் முடியுந் தறுவாயில் கன்றுகள் பிறக்கத் தொடங்குமாறு உழவர் முன்னாண்டே ஏற்பாடு செய்கின்றனர். சில வாரங்களுக்குள் மந்தையின் பெரும்பகுதி ஈன்றுவிடும்.

அந்நாள்களில் பண்ணையாருக்கு உறக்கம் அரிது. மழை பெய்யும் இரவிலும் கைவிளக்கேந்தி மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வருவர். காரணம் யாது? கன்று நோயெதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைந்த நிலையில் பிறக்கின்றது. அவ்வாற்றலைத் தருவது சீம்பால். அதனை நன்கு ஏற்கும் திறன் கன்றின் குடலுக்கு முதற் சில மணி நேரமே உண்டு. ஒரு நாள் கழிந்தபின் ஊட்டினும் அப்பயன் கிட்டுவதில்லை. ஆகவே, எழமாட்டாது நனைந்து கிடக்கும் கன்றைத் தூக்கி வந்து, உடலைத் துடைத்து, உலர்ந்த இடத்தில் கிடத்தி, சீம்பாலைப் புட்டியால் ஊட்டுவர். நாற்பது கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் ஏறத்தாழ நான்கு லிட்டர் வேண்டும்.

சிறுவரும் இப்பணியில் பங்குகொள்வர். ஆளுக்கொரு கன்றை வளர்த்து, ஊர்ப்புறப் பள்ளிகளில் நடைபெறும் கன்று விழாவுக்கு அழைத்துச் செல்வர். வளர்த்தவரின் குரல் கேட்டு விரைந்து வரும் கன்றுக்கு அங்கே பரிசு உண்டு. மழையிரவில் சில மணி நேரம் தாழ்த்திருந்தால், அக்கன்று விழாவைக் காணாமலே மடிந்திருக்கவும் கூடும்.