கீழ்ப்படிதலும் அன்பின் கடனும்

கிறிஸ்தவன் தான் வாழும் நாட்டின் சட்டத்திற்கு அடங்கி நடத்தல் வேண்டுமோ என்று எவரேனும் நம்மை வினவுவாராயின், வேண்டும் என்றே தயக்கமின்றி விடை கூறுவோம். பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரிச் சபையார்க்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரமே இதற்குச் சான்றாகும். ஆளுவோர்க்கு அடங்குதலும், வரி செலுத்துதலும், உரியவரைக் கனம்பண்ணுதலும் தண்டனைக்கு அஞ்சி மட்டுமன்றி, மனச்சாட்சியின் பொருட்டும் செய்யத்தக்கன என்று அவர் போதிக்கின்றார். ஒழுங்கற்ற நாட்டில் முதற்கண் நசுங்குவோர் எளியவரே. ஆதலின் சட்டத்தைப் பேணுதலும் அயலானை நேசித்தலின் ஒரு பகுதியே என்க.

ஆயின், அவ்வதிகாரம் அங்ஙனம் கூறி முடிந்துவிடவில்லை. வரியைச் செலுத்தினால் அக்கடன் தீரும். அன்போ ஒருபோதும் தீராத கடன் என்று அப்போஸ்தலர் உடனே தொடர்கின்றார். அயலானுக்குத் தீங்கிழைக்காத அன்பினாலேயே கற்பனைகள் யாவும் நிறைவுறும் என்பது அவர் கருத்து. இவ்விரண்டு போதனைகளையும் பிரித்துப் படிப்போர் இடறுவர். ஆளுவோரே அயலானுக்குத் தீங்கிழைக்குமாறு நமக்குக் கட்டளையிட்டால் யாது செய்வது? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையால் விடை கூறிய ஓர் ஊரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

பிரான்சு தேசத்தின் தென்பகுதியில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில், லெ ஷாம்போன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூராருட் பெரும்பாலார் புராட்டஸ்டாண்டுகள். 1685ஆம் ஆண்டில் நாந்து அரசாணை நீக்கப்பட்டபின் தம் முன்னோர் பட்ட பாடுகளை அவர்கள் மறந்திலர். அங்குக் குருவாயிருந்த ஆந்திரே த்ரோக்மே என்பாரும், அவருடைய தோழராகிய எதுவார் தெயிஸ் என்பாரும் 1938இல் ஒரு கிறிஸ்தவப் பாடசாலையை நிறுவினர்.

1940 ஜூன் 22ஆம் நாள் பிரான்சு ஜெர்மனியோடு போர்நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று இவ்விரு குருமாரும், மனச்சாட்சிக்கு மாறான வற்புறுத்தலை அச்சமின்றியும் பகையின்றியும் ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்தல் கிறிஸ்தவர் கடமை என்று சபையார்க்கு அறிவித்தனர். யூதர் வேட்டையாடப்பட்ட காலத்தில் அச்சொல் செயலாயிற்று. நள்ளிரவில் கதவைத் தட்டியவர்களைக் குடியானவர் தம் வீடுகளில் ஏற்றனர். பாடசாலை அவர்தம் பிள்ளைகளுக்கு இடமளித்தது.

1942 ஜூலையில் பாரிசு நகரில் யூதர் பல்லாயிரவர் பிடிக்கப்பட்டனர். அடுத்த மாதம் விஷி அரசாங்கத்தின் அமைச்சர் ஒருவர் லெ ஷாம்போனுக்கு வந்தபோது, பாடசாலை மாணவர் சிலர் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தனர். தங்களுள்ளும் யூதர் இருக்கின்றனர் என்றும், சுவிசேஷத்தின்படி தாங்கள் வேற்றுமை பாராட்டுவதில்லை என்றும், அவர்களை ஒப்படைக்கும்படி கட்டளை பிறந்தால் கீழ்ப்படியாமல் மறைத்துக் காக்க முயல்வோம் என்றும் அதில் எழுதியிருந்தது. இதனை எழுதிக் கொடுத்தோர் நம் வயதொத்த மாணவரே என்பதை நினைவிற் கொள்க. சில நாட்களில் காவற்படையினர் வண்டிகளோடு வந்து தேடினர். எனினும் அவ்வண்டிகள் பெரும்பாலும் வெறுமையாகவே திரும்பின.

1943 பெப்ருவரியில் குருமார் இருவரும் சிறைப்பட்டனர். அரசுத் தலைவரின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் கையொப்பமிட்டால் விடுதலை பெறலாம் என்றபோது, இருவரும் மறுத்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மாணவர் இல்லம் ஒன்றில் பலர் பிடிபட்டனர். அதன் தலைவராகிய தானியேல் த்ரோக்மே, தப்பியோட வாய்ப்பிருந்தும், தம் மாணவரை விட்டுப் பிரியாது அவர்களோடு சென்று, 1944இல் மைதானெக் முகாமில் உயிர்நீத்தார்.

இவ்விடத்து ஒரு மாறுபாட்டையும் மறைத்தலாகாது. அடைக்கலம் புகுந்தோரைக் காக்கும் பொருட்டு அவ்வூரில் பொய்ப்பெயர் கொண்ட அடையாளச் சீட்டுகள் எழுதப்பட்டன. மெய்யையே பேசக் கற்றவர்க்கு இஃது எளிதான செயலன்று. சிலர் உள்ளத்தில் அது முள்ளாகவே தைத்தது. கீழ்ப்படியாமை நேர்ந்தபோதும் நடுக்கத்தோடு நேர்வதே நன்று. களிப்போடு மீறுவோனிடத்து நாம் ஐயுறுதல் தகும்.

எனின், மனச்சாட்சியின் குரலையும் தன்னலத்தின் குரலையும் எங்ஙனம் பகுத்தறிவது? ஒன்று கேட்போமாக: சட்டத்தை மீறுவதனால் வரும் இழப்பைச் சுமப்பவர் யாவர்? தன்னலத்தால் மீறுவோன் அவ்விழப்பைப் பிறர் தோளில் ஏற்றுகின்றான். அன்பினால் மீறுவோன் பிறர்க்கு வரும் இழப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொள்கின்றான். விடுதி விதி நமக்கு வசதியாயில்லை என்று அதனை மீறிவிட்டு மனச்சாட்சியைத் துணைக்கழைத்தல், லெ ஷாம்போன் ஊரார் செய்ததன்று. அவர்கள் தமக்கென ஒன்றையும் நாடிலர்.

1990ஆம் ஆண்டில் எருசலேமிலுள்ள யாத் வஷேம் நிறுவனம் அவ்வூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் கனப்படுத்தியது. தாம் செய்தது பெருஞ்செயலன்று, செய்யத்தக்கதையே செய்தோம் என்று அங்குள்ளார் பலர் கூறினர். அவ்வெளிமை ஒருநாளிற் பிறந்ததன்று. பல ஆண்டுகள் ஆலயத்திலும் பாடசாலையிலும் வீட்டிலும் பயின்ற அன்பு, சோதனை வந்த நாளில் கதவைத் திறந்தது.

ஆதலின் மாணவர்காள், சட்டத்தை மதிப்போம். வரியையும் கனத்தையும் உரியவர்க்குச் செலுத்துவோம். அதனினும் மேலாக, நாடோறும் அயலானை நேசிக்கப் பழகுவோம். நம் கதவு தட்டப்படும் நாள் எதுவென நாம் அறியோம். திறக்கும் கையை இன்றே பழக்குதல் நம்மால் இயலும்.