மின்சாரம் செல்லும் வழியும் திரும்பும் வழியும்

காரைக்கால் பகுதி காவிரியின் கடைமடையாகும். அரசலாறும் பிற கிளை ஆறுகளும் கடலில் கலக்கும் இச்சிறு நிலப்பரப்பில், நீரின் போக்கை அறியாத உழவர் ஒருவரும் இல்லை. மதகைத் திறந்தால் நீர் எப்பக்கம் பாயும், வரப்பில் நண்டு வளை இருந்தால் அது எவ்வழியே கசியும் என்பதைச் சிறுவரும் கூறுவர். மின்சாரத்தைப் பற்றி அத்தகைய அறிவு நம்மிடையே இன்னும் பரவவில்லை. திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் திறனுள்ள எரிவாயு மின் நிலையம் 2000-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் நம் ஊர்ப் பொருளாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும், அது எவ்வழியே செல்கிறது, எவ்வழியே திரும்புகிறது என்பதை அறியாமையால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உயிர்ச்சேதம் நேருகிறது. இவ்வறிவு கடினமானதன்று. நீர் பாய்ச்சத் தெரிந்தவருக்கு இது எளிதில் விளங்கும்.

அழுத்தம், ஓட்டம், தடை

மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் பாய்கிறது. மேட்டிற்கும் பள்ளத்திற்கும் உள்ள உயர வேறுபாடு போன்றதே மின்னழுத்தம்; இதனை வோல்ட் என்னும் அளவால் குறிப்பர். வாய்க்காலில் ஓடும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். இது ஆம்பியர் கணக்கில் அளக்கப்படும். வாய்க்கால் குறுகியிருந்தால் நீர் குறைவாகப் பாய்வதுபோல், மின்சாரம் செல்லும் பொருளும் அதற்குத் தடை செய்கிறது. இத்தடையின் அளவு ஓம் எனப்படும். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்விதி ஒன்றே நமக்குப் போதுமானது.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ளது. மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு வரும் கம்பிகளுக்கு இடையே சுமார் 400 வோல்ட் இருக்கும். ஊருக்கு வெளியிலிருந்து டிரான்ஸ்பார்மருக்கு வரும் உயரழுத்தக் கம்பியிலோ 11,000 வோல்ட் உள்ளது.

வட்டம் மூடினால்தான் ஓட்டம்

நீருக்கும் மின்சாரத்திற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மேட்டூரில் திறந்த நீர் கடலிற் கலந்தபின் மீண்டும் மேட்டூருக்குத் திரும்பி வரவேண்டியதில்லை. மின்சாரமோ எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்பட்டதோ அங்கேயே திரும்ப வேண்டும். திரும்பும் வழி இல்லாவிடில் அது புறப்படவே புறப்படாது. ஃபேஸ் கம்பி வழியே வந்து, விளக்கினுள் புகுந்து, நியூட்ரல் கம்பி வழியே திரும்பும் இவ்வழியே மின்சுற்று. ஸ்விட்சை அணைக்கும்போது இச்சுற்றை ஓரிடத்தில் அறுக்கிறோம், ஓட்டம் நின்றுவிடுகிறது.

அவ்வாறாயின், தரையில் நிற்கும் ஒருவர் ஒரே ஒரு கம்பியைத் தொட்டாலும் அதிர்ச்சி ஏற்படுவது ஏன்? டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் முனையை அதன் அடியிலேயே பூமியுடன் இணைத்திருக்கிறார்கள். ஆதலின் பூமி முழுவதும் மின்சாரம் திரும்பும் வழியாகிவிடுகிறது. ஃபேஸ் கம்பியைத் தொட்டவரின் கை வழியே நுழைந்து, கால் வழியே மண்ணில் இறங்கி, மின்சாரம் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புகிறது. அவரே சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறார். மின்கம்பியில் அமரும் காக்கைக்கு ஒன்றும் நேராததும் இதனாலேயே. அதன் கால்கள் பூமியையோ வேறு கம்பியையோ தொடுவதில்லை.

பியூஸ் மனிதனைக் காக்குமா?

“வீட்டில் பியூஸ் இருக்கிறது, பயமில்லை” என்று பலரும் எண்ணுகின்றனர். இது தவறு. உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம் இருக்கக்கூடும். நாற்றங்காலில் நின்று நனைந்த உடலின் தடையோ ஏறத்தாழ 1,000 ஓம் அளவிற்குக் குறைந்துவிடுகிறது. 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர். சுமார் 10 மில்லியாம்பியருக்கு மேல் பாய்ந்தால் கைத்தசைகள் இறுகிப் பிடித்த கம்பியை விட முடியாது. 30 மில்லியாம்பியரைத் தாண்டினால் மூச்சு தடைப்படலாம். 50 முதல் 100 மில்லியாம்பியர் வரை சிறிது நேரம் பாய்ந்தாலே இதயத் துடிப்பு சீர்குலைந்து உயிர் போகலாம்.

மோட்டார் கொட்டகையில் உள்ள பியூஸ் 16 ஆம்பியருக்கோ அதற்கு மேலோ எரியும்படி அமைக்கப்பட்டது. ஒரு மனிதரைக் கொல்லும் மின்சாரத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் பாய்ந்தால்தான் அது அறுந்துபோகும். பியூஸ் கம்பியையும் மோட்டாரையும் காப்பதற்காக ஏற்பட்டது, மனிதரைக் காப்பதற்கன்று. பியூஸ் போன இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கமோ, அந்தச் சிறு காவலையும் நீக்கிவிடுகிறது.

எர்த் கம்பியின் வேலை

மோட்டாரினுள் சுருள்கம்பியின் பூச்சு தேய்ந்து ஃபேஸ் கம்பி இரும்பு உடலைத் தொட்டுவிட்டால், அம்மோட்டாரைத் தொடுபவர் திரும்பும் வழியாகிவிடுவார். அதற்கு முன்னரே மின்சாரத்திற்கு வேறொரு நல்ல வழியை அமைத்துவிடுவதே எர்த் கம்பியின் நோக்கம். மூன்று முள் பிளக்கில் பெரிய முள் எர்த்துக்கு உரியது. அது மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதால், மின்சாரம் வருமுன்னரே பாதுகாப்பு இணைந்துவிடுகிறது. அம்முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள்ளால் இணைப்பது காவலாளியை வெளியே நிறுத்திக் கதவைத் தாழிடுவதற்கு ஒப்பாகும்.

எர்த் குழிக்குச் சுமார் 2.5 மீட்டர் நீளமுள்ள துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாயை நிலத்தில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, நீர் ஊற்றி வருவது வழக்கம். நம் பகுதியில் இதற்கு இரு இடையூறுகள் உள்ளன. கடலோர உப்பு மண்ணில் எர்த் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் குழாயும் இணைப்பு ஆணியும் விரைவில் துருப்பிடித்து அற்றுப்போகின்றன. காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற மணற்பாங்கான இடங்களில் கோடையில் மணல் உலர்ந்து தடை பெருகிவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரையில் மண் நன்கு உலர்ந்திருக்கும்போது, எர்த்தை அளந்து பார்ப்பதே சரியான சோதனை. மழையில் அளந்தால் பழுதான எர்த்தும் நல்லது போலத் தோன்றும்.

நல்ல எர்த் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. எர்த் குழியின் தடை 10 ஓம் என்று கொள்வோம். பழுதடைந்த மோட்டாரிலிருந்து அதன் வழியே செல்லக்கூடியது அதிகமாகப் போனால் 23 ஆம்பியர். பெரிய பியூஸ் இதற்கு அறுவதில்லை. மோட்டாரின் உடல் மின்சாரத்துடனேயே நிற்கும். இக்குறையை நீக்க வந்ததே அடுத்த கருவி.

கசிவைக் கண்டறியும் கருவி

தலைமதகில் விட்ட நீரையும் வாய்க்கால் முடிவில் வந்து சேர்ந்த நீரையும் அளந்தால், இடையில் நண்டு வளை உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் கேட்டு வாங்கும் கருவி இவ்வேலையையே செய்கிறது. ஃபேஸ் வழியே சென்ற மின்சாரமும் நியூட்ரல் வழியே திரும்பிய மின்சாரமும் சமமாக இருக்கும்வரை அது வாளாவிருக்கும். 30 மில்லியாம்பியர் அளவு குறைந்து திரும்பினாலும், எங்கோ கசிந்து பூமிக்குச் செல்கிறது என்று உணர்ந்து நொடிப்பொழுதிற்குள் சுற்றைத் துண்டித்துவிடும். அக்கசிவு மனித உடல் வழியே ஆனாலும் உயிர் பிழைக்க வாய்ப்புண்டு.

வீட்டிற்கு 30 மில்லியாம்பியர் கருவி ஏற்றது. மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு ஏற்றதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கேட்டு அமைக்க வேண்டும். கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழாவிட்டால் கருவி பழுது. “அடிக்கடி விழுகிறது” என்று அதனைக் கழற்றிவிடுவோர் உளர். அது அடிக்கடி விழுவது நம் கம்பிகளில் கசிவு இருப்பதற்கு அடையாளம். கசிவைத் தேடிச் சரிசெய்வதே முறை. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்தவரை இக்கருவியும் காக்காது என்பதையும் மறத்தலாகாது.

வயலில் நேரும் தவறுகள்

1. நியூட்ரலுக்குப் பதிலாகத் தரையில் இரும்புக் கம்பியை அடித்து, பூமி வழியே சுற்றை மூடி விளக்கோ மோட்டாரோ ஓட்டுதல். கம்பியைச் சுற்றியுள்ள ஈரமண்ணிலேயே அழுத்தம் பரவும். கம்பி மண்ணைவிட்டுப் பெயர்ந்தால் அதனைத் தொடுபவர் நிலை என்னவாகும்?

2. எலிகளைக் கொல்ல வரப்போரம் மின்கம்பி கட்டுதல். இருளில் நீர் பார்க்க வரும் அடுத்த வயல்காரரும், சில சமயம் கட்டியவரே மறந்து வந்தும், உயிரிழந்த செய்திகளைப் பலமுறை படிக்கிறோம். இது சட்டப்படி குற்றமும் ஆகும்.

3. மின்கம்பத்தின் இழுவைக் கம்பியில் மாடு கட்டுதல், துணி உலர்த்தும் கொடிக்கம்பி கட்டுதல்.

4. நனைந்த கையுடன், செருப்பின்றி மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடுதல்.

அறுந்து கிடக்கும் கம்பி

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டாப் பகுதியில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. இத்தகைய வேளையில் அறுந்த கம்பியைத் தொடாவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. கம்பி விழுந்த இடத்தில் அழுத்தம் மிகுதி. விலக விலகக் குறையும். ஒரு கால் அருகிலும் மற்றொரு கால் தொலைவிலும் இருந்தால், இரு கால்களுக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடு உடலில் மின்சாரத்தைச் செலுத்தும். மாடுகளின் முன்னங்காலும் பின்னங்காலும் வெகுவாக விலகியிருப்பதாலும், இடையில் இதயம் அமைந்திருப்பதாலும் அவை விரைவில் மடிகின்றன. பத்து மீட்டருக்குள் எவரும் செல்லலாகாது. அறியாமல் நெருங்கிவிட்டவர் கால்களை அகல வைத்து ஓடாமல், இரு பாதங்களையும் சேர்த்து, தரையை விட்டெடுக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து விலக வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் விடியற்காலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டதால் 11 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிறுவரும் அடங்குவர். திருநள்ளாற்றுத் தேர்களும் காரைக்கால் கந்தூரி ஊர்வலமும் ஊர்தோறும் அம்மன் சப்பரங்களும் உள்ள நமக்கு இது பெரும் பாடம். விழாவிற்கு முன் தேரின் முழு உயரத்தையும், அலங்காரத்தையும் சேர்த்து, அளக்க வேண்டும். வழியை மின்துறையினருடன் நடந்து பார்க்க வேண்டும். தேர் நகரும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்த எழுத்து மூலம் கேட்டு, நிறுத்திய செய்தி கைக்கு வந்தபின்னரே தேர் இழுக்க வேண்டும். பழைய சாலைமேல் மீண்டும் மீண்டும் சாலை போடும்போது கம்பிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைகிறது என்பதை, சாலைத் தீர்மானம் நிறைவேற்றும்போதே உறுப்பினர்கள் நினைவிற்கொள்வாராக.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தெருவிளக்குக் கம்பங்கள், குடிநீர் மோட்டார், பள்ளி, அங்கன்வாடி ஆகியவற்றின் எர்த்தைச் சோதித்து ஏட்டில் பதிய வேண்டும். மின்துறை அலுவலக எண்ணைப் பொதுச் சுவரில் எழுதி வைப்பது செலவில்லாத பணியே.

விபத்து நேர்ந்தால்

முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். இயலாவிடில், உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த மரக்கழியால் கம்பியை விலக்க வேண்டும். வெறுங்கையால் இழுத்தவரும் உடன் மடிந்தது உண்டு. உயரழுத்தக் கம்பியாயின் எக்கழியும் பயன்படாது; மின்சாரம் நிறுத்தப்படும் வரை நெருங்கலாகாது. உடனே 108-க்குச் செய்தி கூற வேண்டும். மூச்சும் உணர்வும் இல்லையெனில், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்குமாறு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை விடாது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இறந்தார் என்று கைவிடப்பட்ட பலர் இதனால் பிழைத்திருக்கின்றனர்.

வரப்பில் நண்டு வளை கண்டால் அன்றே அடைக்கும் உழவர், மோட்டாரைத் தொடும்போது தோன்றும் சிறு சுள்ளென்ற உணர்வைப் பொருட்படுத்தாமல் விடுவது ஏன்? அதுவும் ஒரு வளையே. இன்று சிறிதாகக் கசிவது நாளை மழையில் பெருகும். அவ்வுணர்வு தோன்றிய அன்றே மின்சாரத்தை நிறுத்தி, பழுதை நீக்கிய பின்னரே மோட்டாரை மீண்டும் ஓட்டுவது என்ற வழக்கத்தை நம் ஊர்கள் மேற்கொள்ளுமாயின், பல குடும்பங்கள் காக்கப்படும்.